துளை போட்டாச்சு... உள்ளே எட்டிப் பார்த்தீங்களா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சினிமா விமர்சனம், கவிதை, அரசியல்னு எல்லாரும் கலக்கிக்கிட்டு இருக்கற இடத்துல இவன் என்னடா பாறை, துளைன்னு ஆரம்பிக்கறானேன்னு சிலர் இப்பவே ஜன்னலை மூடியிருப்பீங்க. பரவாயில்லை. மீதி இருக்கற நாலு பேருக்கு ஒரு கேள்வி.

கனிமம் தேடறதுக்காக பாறையில 500 மீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை போடறாங்கன்னு வெச்சுக்குவோம். வைரக்கல் பதிச்ச பிட், ரிக், டீசல், தண்ணி லாரி, ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க, வாரக்கணக்குல கேம்ப். இத்தனைக்கும் பிறகு வெளியே வர்றது கைக்கு அடக்கமான ஒரு கல் உருளை. 'கோர்'னு சொல்வாங்க. வழக்கமான என்க்யூ அளவுல அதோட விட்டம் 47.6 மில்லிமீட்டர். அந்தக் கல்லைப் பெட்டியில அடுக்கி, பாதியா அறுத்து, லேபுக்கு அனுப்பறாங்க. துளையை அடைச்சுட்டு ரிக் அடுத்த இடத்துக்குப் போயிடுது.

கேள்வி இதுதான். போறதுக்கு முன்னாடி அந்தத் துளைக்குள்ள ஒரு கருவியை இறக்கி, சுத்தியிருக்கற பாறை என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்டாங்களா?

ஒரு லாக்கிங் வண்டியில வின்ச்சுக்குப் பக்கத்துல ஏழெட்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். நான் பார்த்த வரைக்கும் நிலக்கரி, யுரேனியம் தேடற இடங்கள்ல கேட்பாங்க. மத்த உலோகங்கள் தேடற இடங்கள்ல பாதி நேரம் கேட்கறதில்லை. இது பெரிய வீண்செலவுங்கறது என் கட்சி. அதுவும் பொதுப்பணத்துல போடற துளையா இருந்தா, லாக் எடுக்காம மூடறதை அனுமதிக்கவே கூடாது.

ஒரு சின்ன கணக்கு

50 மீட்டருக்கு ஒரு துளைன்னு கட்டம் போட்டு தோண்டறதா வெச்சுக்கங்க. அது நெருக்கமான கட்டம்தான். ஒவ்வொரு துளையும் 2,500 சதுர மீட்டருக்குப் பிரதிநிதி. ஆனா கையில வந்த கல்லோட குறுக்குப் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். போட்டுப் பாருங்க, 14 லட்சத்துல ஒரு பங்கு! சட்டசபைத் தொகுதிக்கு ஒருத்தர்கிட்ட மட்டும் கருத்து கேட்டுட்டு தேர்தல் முடிவு சொல்றதைவிட மோசம் :-)

லேப் ரிப்போர்ட் எவ்வளவு துல்லியமா இருந்தாலும், அது அந்த 18 சதுர சென்டிமீட்டரைப் பத்தித்தான் பேசும். துளைக்குள்ள இறக்கற கருவி அப்படி இல்லை. சாதாரண காமா கருவி கூட துளைச் சுவருக்கு அப்பால கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்கும். மின்காந்த முறைன்னா, நல்லா கடத்தற தாதுவா இருந்தா பல பத்து மீட்டர் தள்ளி இருக்கறதைக் கூட சொல்லும். அதுக்குப் பிறகு வர்றேன்.

எண்ணெய்க்காரன் கத்துக்கிட்டான், கல்லுக்காரன் கத்துக்கலை

இதெல்லாம் புதுசா வந்த வித்தை இல்லை. 1927 செப்டம்பர் 5-ம் தேதி, பிரான்ஸ்ல அல்சாஸ் பகுதியில இருக்கற பெஷெல்பிரான் எண்ணெய் வயல்ல முதல் மின்தடை லாக்கை எடுத்தாங்க. கான்ராட், மார்செல்னு ரெண்டு ஷ்லும்பெர்ஜே சகோதரர்களோட யோசனை. கருவியை இறக்கி, நிறுத்தி, அளந்து, கையால வரைபடத்துல புள்ளி வெச்சு, மறுபடி கொஞ்சம் நகர்த்தின்னு பொறுமையா எடுத்தாங்க. அதுக்கப்புறம் எண்ணெய் உலகத்துல லாக் எடுக்காம ஒரு கிணத்தை மூடறதுங்கறது கிட்டத்தட்ட நினைச்சே பார்க்க முடியாத காரியம்.

அப்போ கனிமத் துறைல மட்டும் ஏன் இந்த அலட்சியம்? எனக்குத் தெரிஞ்ச காரணம் ரொம்ப சிம்பிள். எண்ணெய்க் கிணத்துல பெரும்பாலும் கோர் எடுக்கறதில்லை, சேத்தோட மேல வர்ற பொடிதான் கிடைக்கும். அதனால உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க வேற வழியே இல்லை, லாக் எடுத்தே ஆகணும். கனிமத் தேடல்ல கையில முழுசா கல்லு இருக்கு. "கல்லே இருக்கும்போது கருவி எதுக்கு?"ங்கற நினைப்பு. கேட்கறதுக்கு நியாயமாத்தான் தோணும். ஆனா அந்தக் கல்லு மூணு விஷயத்தைச் சொல்லவே சொல்லாது.

1. நான் எங்கிருந்து வந்தேன்?

துளை நேரா போகும்னு நினைக்கறது காகிதத்துல மட்டும்தான். பாறையோட படிவங்கள் ராடை இழுக்கும், ராடு தன் பாட்டுக்கு வளையும். ஆரம்பத்துலயே 5 டிகிரி தப்பிட்டா, 500 மீட்டர் ஆழத்துல நீங்க நினைச்ச இடத்துலேர்ந்து சுமார் 44 மீட்டர் தள்ளி நிப்பீங்க. தாதுப் படிவமே பத்து மீட்டர் தடிமன்தான்னா? அது வலப்பக்கம் இருக்கும், நீங்க இடப்பக்கம் தோண்டிட்டு "ஒண்ணும் இல்லை"ன்னு எழுதிட்டுப் போவீங்க.

விலகலை அளக்கறதுதான் எல்லாத்துலயும் எளிமையான துளை அளவீடு. அதுலயும் ஒரு வில்லங்கம் உண்டு. காந்த ஊசி மாதிரி வேலை செய்யற கருவியை மேக்னடைட், பிர்ரோடைட் இருக்கற பாறையில இறக்கினா அது திசையைத் தப்பா காட்டும். அங்கே ஜைரோ கருவிதான் வேணும். தாது இருக்கற இடத்துலதான் இந்தக் குழப்பமே அதிகம்ங்கறது வேடிக்கை.

2. வழியில தொலைஞ்சு போன துண்டு

கெட்டிப் பாறைன்னா கோர் முழுசா வரும். உடைஞ்ச பாறை, களிமண், மெத்துனு இருக்கற நிலக்கரி, லிக்னைட்னா பாதி தண்ணியோட கரைஞ்சு போயிடும். பெட்டியில ஒரு மரத்துண்டை வெச்சு 'கோர் இழப்பு'ன்னு எழுதுவாங்க. அந்த மரத்துண்டு இருக்கற இடத்துலதான் சமாச்சாரமே இருந்திருக்கும்!

லிக்னைட்டுக்கு லாக்ல தனி அடையாளம் உண்டு. அடர்த்தி குறைவு, இயற்கைக் காமா குறைவு, மின்தடை அதிகம். மூணு கோடும் ஒரே ஆழத்துல ஒண்ணா திரும்பும். படிவம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சில சென்டிமீட்டர் துல்லியத்துல சொல்லலாம். நம்ம நெய்வேலியையே எடுத்துக்கங்க. 1930-கள்ல கிணறு தோண்டும்போது கருப்பா வந்ததுலேர்ந்து ஆரம்பிச்ச கதை, 1956-ல நிறுவனமாச்சு. அங்கே லிக்னைட் மட்டும் பிரச்சினை இல்லை. அதுக்குக் கீழே அழுத்தத்தோட நிக்கற ஊற்றுநீர் இருக்கு. பம்பு வெச்சு அழுத்தத்தைக் குறைக்காம தோண்டினா சுரங்கத்தோட தரையையே தூக்கிடும். ஆக, கரி எங்க இருக்குங்கற அளவுக்கு, தண்ணி நிக்கற மணல் எங்க, அதைத் தடுக்கற களிமண் எங்கன்னு தெரியறதும் முக்கியம். மணலும் களிமண்ணும் காமா, மின்தடை லாக்ல பளிச்சுனு பிரியும். கோர் பெட்டியில இது ரெண்டும்தான் முதல்ல கரைஞ்சு போற சாமான்.

3. பக்கத்து வீட்டுல யாரு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. துளை தாதுவைத் தொடாம பக்கத்துல போயிருக்கு. கோர்ல ஒண்ணும் இல்லை. இப்போ என்ன பண்ணுவீங்க?

தரையில பெரிய சதுரமா ஒயரை விரிச்சு அதுல மின்சாரத்தை விட்டு, டக்குனு அணைக்கறாங்க. பூமிக்குள்ள நல்லா கடத்தற சல்ஃபைடு தாது இருந்தா, அணைச்ச பிறகும் அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். கோயில் மணியை அடிச்சுட்டு கையை எடுத்த பிறகும் ரீங்காரம் கேட்குமே, அந்த மாதிரி. துளைக்குள்ள அஞ்சு பத்து மீட்டருக்கு ஒரு தடவை கருவியை நிறுத்தி அந்த ரீங்காரத்தைக் கேட்கறாங்க. மூணு திசையிலயும் அளந்தா, தாது எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு தூரம், எப்படிச் சாய்ஞ்சிருக்குன்னு மாதிரி போட்டுச் சொல்லலாம். துளை தாதுவுக்குள்ளேயே போயிருந்தா கோடு ஒரு பக்கம் வளையும், பக்கத்துல போயிருந்தா எதிர்ப்பக்கம் வளையும்.

2009-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல சாண்ட்ஃபயர்னு ஒரு சின்ன கம்பெனிக்கு டிகிரூசாங்கற இடத்துல செழிப்பான செம்புத் தாது மாட்டுச்சு. தேடப் போனது தங்கத்தை! முதல் படிவம் கிடைச்ச பிறகு துளைகளுக்குள்ள மின்காந்தக் கருவியை இறக்கி, ஆழத்துல ஒளிஞ்சிருந்த மத்த படிவங்களைத் துரத்திப் பிடிச்சாங்க. அந்தப் படிவங்களோட அதிகாரபூர்வப் பேரே 'கண்டக்டர் 1', 'கண்டக்டர் 4', 'கண்டக்டர் 5'. (நம்ம பஸ் கண்டக்டர் இல்லீங்க, மின்கடத்தி!) கண்டுபிடிச்ச முறையே பேரா நின்னுடுச்சு. 2022 வரைக்கும் அந்தச் சுரங்கம் ஓடுச்சு. கனடாவுல சட்பரி நிக்கல் பகுதியிலயும் இப்படித்தான். மேல இருந்ததை எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல தோண்டி முடிச்ச பிறகு, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கறதைத் தேட வேண்டிய கட்டத்துல துளை மின்காந்தம் அங்கே அன்றாட வேலை ஆயிடுச்சு. தரைமேல நின்னு அளக்கற கருவிக்கு அந்த ஆழம் எட்டாது. ஏற்கனவே போட்ட துளைதான் ஏணி.

சரி, எல்லாம் தெரிஞ்சுடுமா?

தெரியாது. இதை நான் சொல்லாட்டி அடுத்த வரியில யாராவது சொல்லிடுவீங்க.

துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட் சரியா மின்சாரம் கடத்தாது, அது தனியா இருந்தா மின்காந்த முறைக்குக் கண்ணுல படாது. கிராஃபைட் பிரமாதமா கடத்தும், அதை நம்பித் துளை போட்டா பென்சில்தான் செய்யலாம். டன்னுக்கு ரெண்டு கிராம் தங்கம் எந்த லாக்லயும் நேரடியா தெரியாது. அதோட கூட வர்ற சல்ஃபைடு, மாறிப்போன பாறைன்னு மறைமுகமாத்தான் பிடிக்கணும்.

இந்தோனேசியாவுல பிரி-எக்ஸ் மோசடி ஞாபகம் இருக்கா? 1997-ல வெடிச்சுது. புசாங்னு போர்னியோ காட்டுக்குள்ள உலகத்துலயே பெரிய தங்கச் சுரங்கம்னு சொல்லி கனடா பங்குச்சந்தையையே ஆட்டி வெச்சாங்க. மாதிரிகள்ல வெளியிலேர்ந்து தங்கத்தைக் கலந்திருந்தாங்க. வழக்கமா கோரைப் பாதியா அறுத்து ஒரு பாதியைப் பத்திரமா வெப்பாங்க. அங்கே முழுசையும் நொறுக்கி அனுப்பிட்டாங்க, சரிபார்க்க ஒண்ணும் மிஞ்சலை. வேற கம்பெனி போய் பக்கத்துலயே துளை போட்டபோதுதான் குட்டு உடைஞ்சுது. லாக் எடுத்திருந்தாலும் 'தங்கம் இல்லை'ன்னு அது சொல்லியிருக்காது. ஆனா ஒரே சாட்சியை நம்பி ஒரு வழக்கை நடத்தக் கூடாதுங்கறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

லாக்கும் தனிச் சாட்சியா நின்னா ஏமாத்தும். யுரேனியமே உதாரணம். நம்ம நாட்டுல 1949-லேர்ந்து இயங்கற அணுக் கனிம இயக்ககம் காமா லாக்கை வெச்சுத்தான் துளைத் துளையா யுரேனியத்தை அளக்குது. ஆனா காமா கருவி கேட்கறது பெரும்பாலும் யுரேனியத்தோட குரலை இல்லை. அதோட வாரிசுகள்ல ஒண்ணான பிஸ்மத்-214-ஓட குரலை. நிலத்தடி நீர் ஓடற மணற்பாறையில யுரேனியம் கரைஞ்சு இடம் மாறிடும், ரேடியம் மாதிரி வாரிசுகள் பழைய வீட்டுலயே தங்கிடும். குரல் வர்ற வீட்டுல ஆள் இருக்க மாட்டார். ஆள் இருக்கற வீட்டுலேர்ந்து குரல் வராது. இதைச் சமாளிக்கத்தான் தெற்கு ஆஸ்திரேலியாவுல நியூட்ரானை அனுப்பி யுரேனியத்தையே நேரா அளக்கற கருவியைப் பயன்படுத்தறாங்க. இல்லாட்டி கோரை லேப்ல ஆராய்ஞ்சு ஒப்பிடணும். ஆக கோரும் வேணும், லாக்கும் வேணும்.

அப்புறம் ஏன் எடுக்கறதில்லை?

என் அனுபவத்துல காரணம் அறிவியல் இல்லை, காண்ட்ராக்ட்.

டிரில்லருக்கு மீட்டர் கணக்குல கூலி. துளை முடிஞ்ச நிமிஷத்துலேர்ந்து ரிக் சும்மா நிக்கற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். எங்களோட வேலை பார்த்த திருச்செங்கோட்டுக்காரர் ஒருத்தர் தெளிவாச் சொல்வார்: "சார், ராடை உருவுனா தொளை நிக்காதுங்க. உங்க மெஷினு உள்ள சிக்கிக்கிச்சுன்னா அப்பறம் என்னையக் கேக்காதீங்க." அவர் சொல்றதுல தப்பே இல்லை. அடர்த்தி அளக்கற கருவியில சீசியம்-137 கதிரியக்க மூலம் இருக்கும். அது உள்ளே சிக்கினா சாதாரண நஷ்டம் இல்லை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் பதில் சொல்லணும்.

ஆனா வழி இருக்கு. இயற்கைக் காமாவை ராடு உள்ளே இருக்கும்போதே எடுக்கலாம், இரும்பு கொஞ்சம் குரலைக் குறைக்கும், அவ்வளவுதான். மின்காந்தத்துக்கு பிவிசி குழாயை இறக்கிட்டா துளை நிக்கும், கருவிக்கும் தொந்தரவு இல்லை. இதுக்கெல்லாம் யார் காசு கொடுக்கறதுங்கறதுதான் கேள்வி.

ஒரு திட்டத்துல (பேர் வேண்டாம்) எல்லாத் துளையிலயும் லாக் எடுக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. ஆனா அதுக்குத் தனியா பணம் இல்லை, 'மீட்டர் விலையில் அடக்கம்'. விளைவு? நாங்க வண்டியோட போய் நிக்கறதுக்குள்ள துளை மூடியிருக்கும். பதிவேட்டுல 'துளை சரிந்துவிட்டது'ன்னு ஒரே கையெழுத்துல வரிசையா எழுதியிருக்கும். கிரானைட்டு மாதிரி கெட்டிப் பாறையில போட்ட துளை கூட அங்கே சரிஞ்சுது, அதிசயம்தான்!

அந்த வயக்காட்டுச் சொந்தக்கார அம்மா ஒருத்தங்க என்னைக் கேட்டாங்க: "ஏம்பா, இவ்ளோ ஆழம் தோண்டுனாங்களே, உள்ள என்னா இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"கல்லு எடுத்துட்டுப் போயிருக்காங்கம்மா. லேப்ல பாப்பாங்க."

"கல்ல எடுத்துனு போயிட்டா ஆச்சா? அப்ப திரும்பவும் வந்து பக்கத்துல தோண்டுவாங்களா?"

தோண்டினாங்க. அடுத்த வருஷம், முப்பது மீட்டர் தள்ளி. இன்னொரு தடவை வரப்பை உடைச்சு, இன்னொரு தடவை சேத்துக் குழி வெட்டி.

லாக் எடுக்காத ஒவ்வொரு துளைக்கும் விலை கொடுக்கறது கம்பெனி மட்டும் இல்லை. சந்தேகம் தீராததால போடற அடுத்த துளை யாரோ ஒருத்தர் நிலத்துலதான் இறங்குது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

2015-ல சுரங்கச் சட்டத்தைத் திருத்தி ஏல முறையைக் கொண்டுவந்தாங்க. சுரங்கக் குத்தகைதாரர்கள் கட்டற ராயல்டியோட சேர்த்து 2 சதவீதம் வாங்கி, கனிமத் தேடலுக்குன்னே ஒரு தேசிய அறக்கட்டளையும் அமைச்சாங்க. 2023 திருத்தத்துல ஆழத்துல இருக்கற, முக்கியமான 29 கனிமங்களுக்குத் தனியாருக்குத் தேடல் உரிமம் கொடுக்க வழி செஞ்சாங்க. ஆக, துளைகள் இனி அதிகமாகும், ஆழமாகும்.

அதே 2023 பிப்ரவரியில ஜம்மு காஷ்மீர் ரியாசியில 59 லட்சம் டன் லித்தியம்னு செய்தி வந்து டிவி எல்லாம் குதிச்சுதே, அது ஜி3 நிலை. ஜி4-லேர்ந்து ஜி1 வரைக்கும் நாலு படியில கீழேயிருந்து ரெண்டாவது படி. ஏலம் விட்டபோது போதுமான ஆள் வராம 2024-ல ரத்தாச்சு. லாக் எடுத்திருந்தா ஆள் வந்திருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை, அதுக்குக் காரணங்கள் பல. ஆனா ஏலம் கேட்க வர்றவன் முதல்ல புரட்டறது தகவல் கோப்பை. அது மெலிசா இருந்தா விலையும் மெலிசாத்தான் வரும். அது நம்ம எல்லாருக்கும் சேர வேண்டிய பணம்.

நான் கேட்கறது பெருசா ஒண்ணும் இல்லை:

- டெண்டர்ல லாக்கிங்குக்குத் தனி வரி, தனி விலை. ரிக் காத்திருக்கற நேரத்துக்கு டிரில்லருக்குக் கூலி. அடக்க விலைங்கற கண்துடைப்பு வேண்டாம்.

- எல்லாத் துளையிலயும் குறைஞ்சபட்சம் விலகல், இயற்கைக் காமா, காந்த ஏற்புத்திறன், மின்தடை. சல்ஃபைடு தேடற ஆழத் துளைன்னா மின்காந்தமும் சேர்த்து.

- அளவு சரிபார்க்காத கருவியோட லாக் செல்லாது. ஒரே பகுதியை ரெண்டு தடவை ஓட்டி, ரெண்டு கோடும் ஒத்துப்போகுதான்னு காட்டணும்.

- மறுபடி அளக்கறதுக்காக வெச்சிருக்கற துளைக்குப் பூட்டுப் போட்ட மூடி, வேலை முடிஞ்சதும் முறையா அடைப்பு. திறந்து கிடக்கற துளைன்னா என்னன்னு 2019 நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

- அச்சடிச்ச படம் மட்டும் போதாது, மூல எண்களும் பொதுவுல வரணும். மத்திய சுரங்க அமைச்சகம் 2023 டிசம்பர்ல தேசிய புவியியல் தரவுக் களஞ்சியம்னு ஒரு தளம் ஆரம்பிச்சிருக்கு. பொதுப்பணத்துல எடுத்த ஒவ்வொரு லாக்கும் அங்கே போய்ச் சேரட்டும்.

கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். மேற்கு ஆஸ்திரேலியாவுல கம்பெனிகள் கொடுக்கற தேடல் அறிக்கைகளைச் சில வருஷம் கழிச்சு அரசாங்கமே பொதுவுல வெச்சிடுது. ஒருத்தன் "ஒண்ணும் இல்லை"ன்னு கைவிட்ட இடத்துல இன்னொருத்தன் பழைய தகவலைத் தூசி தட்டி புதுசா யோசிக்க முடியுது. மூடின துளைக்குள்ள திரும்ப இறங்க முடியாது. எடுத்து வெச்ச லாக்கை இருபது வருஷம் கழிச்சும் ஒரு கல்லூரிப் பையன் திறந்து பார்க்கலாம்.

இந்தத் துறையில இருக்கற நண்பர்கள் "உனக்கு வின்ச் ஓட்டத்தான் தெரியும், பட்ஜெட் தெரியாது"ன்னு சொல்வீங்க. பின்னூட்டத்துல வந்து கணக்கைப் போடுங்க. துளைக்கு ஆன மொத்தச் செலவுல லாக்கிங் எத்தனை சதவீதம்னு நீங்களே சொல்லுங்க. சண்டையை அங்கேயே வெச்சுக்குவோம் :-)

டிஸ்கி: தண்ணிக்கு போர் போட எங்க பார்க்கலாம்னு தனி மடல்ல கேட்காதீங்க மக்களே. தேங்காய் வெச்சுப் பார்க்கறவருக்கு என்னைவிட மார்க்கெட் ஜாஸ்தி.